காலண்டரில் விழுந்த நம்பர்

சங்கராந்தி முடிந்து, கோழிப்பந்தயக் கூட்டமெல்லாம் கலைந்துபோன மறுநாள் காலையில்தான் சூரிபாபுவின் போனுக்கு முதல் ரோஜா வந்தது.

அவர் அப்போது ஒரு லாரி ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்ததும் ட்யூபை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையை லுங்கியில் தேய்த்துக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ, ரோஜாச் செடிங்க" என்றது ஒரு பெண் குரல்.

"யாரு?"

"விஜயநகரத்துலேர்ந்து பேசறேன். மொட்டு விடுது, விரியறதுக்குள்ள கருகிப் போயிடுது. என்ன பண்ணட்டும்?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"நான் பஞ்சர் ஒட்டறவன்மா."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. அதுக்கு ஏன் பொய் சொல்றீங்க?" என்று கோபித்துக்கொண்டு அந்தம்மா வைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஒரு கறிவேப்பிலை, இரண்டு மல்லிகை, புல்தரை போடுவதற்கு விதை கேட்ட ஒரு வக்கீல் எல்லாம் வந்துபோனார்கள். டீக்கடை அப்பாராவ்தான் சிரித்துக்கொண்டே தன் கடைச் சுவரைக் காட்டினான். முத்யம் நர்சரியின் புதுக் காலண்டர். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தோட்டத்துப் படம். கீழே வீட்டுத்தோட்டத்துக்கான யோசனைகள்: தொட்டியின் அடியில் ஓட்டுச்சில் போட்டு ஓட்டையை மூடுங்கள், ரோஜாக் கிளையைச் சாய்வாக வெட்டுங்கள், கொல்லைச் சுவரில் கொடி ஏற்றி அழகு பாருங்கள். அதற்கும் கீழே, 'சந்தேகமா? கூப்பிடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் சூரிபாபுவின் நம்பர்.

ஆந்திராவின் கடியபுலங்காவில் நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் நர்சரிதான். நிழல்வலைக்கு அடியில் பெண்கள் குந்தி உட்கார்ந்து, கருப்புப் பைகளில் மண்ணும் எருவும் அடைப்பார்கள். விடிந்தால் லாரி லாரியாகச் செடி ஏறும். அந்த லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டித்தான் சூரிபாபு முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறார். ஆனால் அவர் வீட்டில் துளசி மாடத்தைத் தவிர ஒரு செடி கிடையாது. அதற்கும் தண்ணீர் ஊற்றுவது அவர் மனைவி மங்கதாயாரு. எதிர் நர்சரியில் பை அடைக்கும் வேலைக்குப் போகிறவள் அவள். நாளெல்லாம் செடியோடு மாரடித்துவிட்டு வீட்டிலும் செடியா என்பது அவள் கட்சி.

சூரிபாபு நேராக முத்யம் நர்சரிக்காரர் வீரவெங்கடராவிடம் போனார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார்.

"அடடா. எட்டுக்குப் பதிலா மூணு விழுந்திருக்கு. அச்சாபீஸ்காரன் வேலை."

"திருப்பி வாங்குங்க."

"ஸ்ரீகாகுளத்துலேர்ந்து நெல்லூர் வரைக்கும் போயாச்சு சூரிபாபு. சுவத்துல ஆணியடிச்சு மாட்டினதை வீடு வீடாப் போயிக் கழட்டவா முடியும்? ஒண்ணு பண்ணு. புதுசா ஒரு சிம் வாங்கித் தர்றேன். இதைத் தூக்கிப்போடு."

"முடியாது."

"காசு நான் போடறேன்யா."

"காசு யாரு கேட்டது? நம்பரை மாத்த முடியாது."

"ஏன்?"

"என் நம்பர். நான் ஏன் மாத்தணும்?" என்று கத்திவிட்டு வெளியே வந்தார். மூணுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் அச்சாபீஸ் வைத்தால் ஊர் எப்படி உருப்படும் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார்.

மங்கதாயாரு சோற்றைப் போட்டு, புளிச்சக்கீரைத் துவையலைத் தள்ளி வைத்தாள். கருவாடு வறுத்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. விஷயம் முன்னாலேயே அவள் வேலை செய்யும் நர்சரிக்கு வந்து சேர்ந்திருந்தது.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றார் சூரிபாபு.

"நான் என்ன சொல்லணும்? புது நம்பர் வாங்கிக்க வேண்டியதுதானே?"

"வாங்கிக்கறேன். நாளைக்கே வாங்கிக்கறேன்."

"வாங்கிக்குங்க."

இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர் வாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அவர்களுடைய ஒரே மகள் லோவகுமாரி போய் இரண்டு தசரா ஆகிவிட்டது. செடி லாரி ஓட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்துபோன தாரகேசு என்ற வடக்கு ஜில்லாப் பையனோடு போனாள். வேறு சாதி. அன்றைக்கு நடந்த சண்டையில் சூரிபாபு அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் வீசினார். "செத்தாலும் என் போனுக்கு வராதே" என்று சொன்னார். அவள் வரவில்லை. அந்தப் பையன் லாரி வேலையை விட்டுவிட்டான். ஒடிசா பக்கம் போய்விட்டதாக ஒரு டிரைவர் சொன்னான், இல்லை சென்னை என்றான் இன்னொருவன். லோவாவிடம் இவர்களுடைய நம்பர் ஒன்றுதான் இருந்தது, அதுவும் மனப்பாடமாக. சின்ன வயசில் கடையில் உட்கார்ந்துகொண்டு 'நான்னா நம்பர்' என்று அப்பாவின் நம்பரைப் பாட்டு மாதிரி பாடிக்கொண்டிருப்பாள்.

ஆகவே போன் அடித்தால் எடுத்தாக வேண்டும். அதுவும் தெரியாத நம்பர் என்றால் இரண்டாவது மணிக்குள் எடுக்க வேண்டும். எடுத்தால், "சார், எங்க வீட்டு மணிபிளாண்ட் மஞ்சளாப் போகுது."

மாசி, பங்குனி எல்லாம் இப்படியே போயிற்று. சக்கரத்தைக் கழற்றி லாரியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு, சூரிபாபு போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடுவார். வண்டிக்காரன் கத்துவான்.

"யோவ், சரக்கு வாடுதுய்யா! யாருகூட இப்படிக் கொஞ்சறே?"

"செம்பருத்திகூட!" என்று இவர் திருப்பிக் கத்துவார். போனில் இருப்பவர், "ஆமாங்க, செம்பருத்திதான். மாவுப்பூச்சி வந்திருக்கு" என்பார்.

ஆரம்பத்தில் எல்லோரையும் திட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை. துனி ஊரிலிருந்து ஒருவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு எலுமிச்சை காய்க்கவில்லை என்று அழுதபோது, "பிடுங்கி எறி" என்று சொல்லி வைத்தார். சித்திரையில் அவன் மறுபடி கூப்பிட்டான்.

"பிடுங்கிட்டேன் சார். எறிய மனசு வரல. வெயில்படற இடத்துல வெச்சேன். இப்போ பூ விட்டிருக்கு. நீங்க சொன்னது சரியாப்போச்சு."

"நான் எங்கடா சொன்னேன்?"

"நல்ல மனசு சார் உங்களுக்கு."

சூரிபாபு போனை மங்கதாயாருவிடம் நீட்டினார். "இந்தா, நீயே பேசு. நீதானே செடிக்காரி. நான் இனிமே தொடமாட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைப் பக்கத்து வரிசைப் பெண்களிடம் கேட்டுச் சொன்னாள். புளித்த மோரைத் தண்ணீராகக் கரைத்துக் கறிவேப்பிலைக்கு ஊத்துங்க. பூந்தொட்டிக்குத் தட்டு வெக்காதீங்க, தண்ணி தேங்கி வேர் அழுகும். தினமும் ஊத்தாதீங்க, விரலை விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா ஊத்துங்க. ஆனால் அடுத்த மணி அடித்ததும் சூரிபாபுதான் பாய்ந்து வந்து அவள் கையிலிருந்து பிடுங்கினார்.

"தொடமாட்டேன்னீங்க?"

"நீ என்னத்தைச் சொல்லித் தொலைவியோன்னுதான்."

"ஆமா, நான் சொல்லித்தான் செடி செத்துப்போகுது."

வைகாசியின் ரோகிணி வெயில் சாலைத் தாரை உருக்கியது. தெரு நாய்கள் வந்து பஞ்சர் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டன. அந்த வெயிலில் பீமவரத்து இறால் பண்ணைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். கொல்லையை அலங்காரம் பண்ண வேண்டுமாம், பழைய டயரில் செடி வைப்பதாகப் படத்தில் பார்த்தாராம், கத்தியே இறங்க மாட்டேன் என்கிறதாம்.

சூரிபாபுவுக்கு முதல் தடவையாகப் பதில் தெரிந்திருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

"எந்த டயரு? கம்பி டயரா? அது கிழியாது. நைலான் டயரு பாத்து எடுங்க. ஓரத்து வளையத்துல வெட்டாதீங்க, அதுல இரும்பு இருக்கு. பக்கவாட்டுல சுத்தி வெட்டுங்க. கத்தியில சோப்புத் தண்ணி தடவிக்கிட்டா வழுக்கிக்கிட்டுப் போகும். அப்புறம் உள்பக்கத்தை வெளிய திருப்பணும்."

"திருப்பவே முடியல சார்."

"வெயில்ல காயப்போட்டு, இளகினதும் முட்டி போட்டு அமுக்குங்க. இன்னொரு ஆளைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. அடியில ஓட்டை போட மறந்துடாதீங்க, இல்லன்னா செடி இருக்காது, கொசுதான் இருக்கும். எண்ணெய்ப் பெயின்டு ரெண்டு கை அடிங்க. பச்சை அடிக்காதீங்க. செடியும் பச்சை, டயரும் பச்சைன்னா என்னத்துக்கு? மஞ்சள் அடிங்க."

மங்கதாயாரு வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "பரவாயில்லையே" என்றாள்.

"என்ன பரவாயில்லை? ஒரு சக்கரம் மாட்ட விடல. ஊரான் வீட்டுக் கொல்லைக்கெல்லாம் நான் மஞ்சப் பெயின்டு அடிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு."

மழைக்காலம் வந்தது. கால்வாய் நிரம்பி, நர்சரிப் பாத்திகளில் தண்ணீர் நின்றது. கேள்விகளும் மாறின. நத்தை, பூஞ்சை, சுவரில் பாசி. வாயுகுண்டம், புயல் வருகிறது என்று நாலு நாளாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து விடாத மழை. ஒடிசா போகும் லாரி ஒன்றுக்கு இரண்டு சக்கரம் போயிருந்தது. சேற்றில் ஜாக்கி நிற்கவில்லை. பலகை கொடுத்தார், பலகையும் இறங்கியது. அதற்குள் நத்தைக்காரர்கள் மூன்று பேர். நாலாவதாகப் போன் அடித்தபோது சூரிபாபு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். தவழ்ந்து வெளியே வந்து எடுத்தார்.

"ஹலோ."

பதிலில்லை.

"ஹலோ! யாரு? என்ன செடி?"

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ உடைபடுகிற சத்தம், டக் டக்கென்று. மழைத்தண்ணீர் சூரிபாபுவின் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. வருஷமெல்லாம் சேர்த்து வைத்த எரிச்சல் ஒரேயடியாக வாய்க்கு வந்தது.

"பேச வாயில்லன்னா எதுக்குடா போன் பண்றீங்க? என் பிராணனை வாங்கறதுக்கா? உங்க செடி எல்லாம் நாசமாப் போக! இனிமே இந்த நம்பருக்குப் பண்ணினா பாரு! வை கீழே!"

வைத்துவிட்டார்கள்.

லாரிக்கு அடியில் பாதி நுழைந்தவர் அப்படியே கிடந்தார். என்ன சொன்னோம் என்று யோசித்தார். இனிமே இந்த நம்பருக்குப் பண்ணினா. மெதுவாக வெளியே வந்து சேற்றில் உட்கார்ந்தார். செடிக்காரர்கள் யாரும் பேசாமல் இருந்ததில்லை. எடுத்த நொடியில் கொட்டுகிறவர்கள் அவர்கள்.

அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தார். வெகுநேரம் மணி போன பிறகு ஓர் ஆண் எடுத்தான்.

"இப்போ இங்கேர்ந்து போன் பண்ணினது யாருங்க?"

"இது முந்திரிக் கொட்டாய்ங்க. கொட்டை உடைக்கிற பொம்பளைங்க நூறு பேர் இருக்காங்க. மேஜை மேல கிடக்கிற போன். யார் எடுத்தாங்கன்னு நான் பாத்துக்கிட்டா இருக்கேன்?"

"எந்த ஊருங்க?"

"பலாசா."

"லோவகுமாரின்னு யாராச்சும்..."

"இங்க ஏதுங்க நேரம்? சாயங்காலம் பண்ணுங்க."

சாயங்காலம் பண்ணியபோது அந்தப் போன் அணைந்து கிடந்தது. புயலில் அந்தப் பக்கம் கரண்டு போய்விட்டதென்றார்கள்.

மங்கதாயாருவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. "இன்னிக்கு ஒருத்தரும் பண்ணலையா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டதும் அவருடைய முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

கேட்டு முடித்ததும் அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"திட்டினீங்களா?"

"யாருன்னு தெரியாம..."

"என்னன்னு திட்டினீங்க?"

"மங்கா."

"சொல்லுங்க. அட்சரம் விடாம சொல்லுங்க."

அவர் சொன்னார். மங்கதாயாரு எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்துப் புடவைகளைத் திணிக்க ஆரம்பித்தாள்.

"எங்க போறே?"

"பலாசாவுக்கு."

"புயல்ல ரயிலே ஓடல. அவதான்னு எப்படித் தெரியும்?"

"எலுமிச்சைக்காரன் அழுதா கேக்கறீங்க. எவனோ இறால்காரனுக்கு டயரைத் திருப்பச் சொல்லித் தர்றீங்க. ஊர்ல இருக்கிற புல்லு பூண்டுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. ஒருத்தி பேசாம நின்னா, அவளுக்கு மட்டும் ஒரு நிமிஷம் பொறுக்க முடியல. ரெண்டு வருஷமா நான் ஒரு வார்த்தை கேட்டேனா உங்களை? எதுக்கு அந்தப் போனைக் கட்டிக்கிட்டு அழறாருன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். இப்படிக் கெடுப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானே எடுத்திருப்பேன்."

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. அடுத்த நாளும் அவள் சமைத்தாளே தவிர, அவரோடு பேசவில்லை. சூரிபாபு கடைக்குப் போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நத்தைக்காரர்கள் கூப்பிட்டார்கள். சுண்ணாம்பைக் கோடு மாதிரி போடுங்க, தாண்டி வராது என்று ஒவ்வொருவரிடமும் பூனை மாதிரிப் பேசினார்.

மழை விட்ட பிறகு ஒரு மத்தியானத்தில் கூப்பிட்டது கணீரென்ற ஒரு பெண் குரல். வடக்கு ஜில்லா இழுப்பு.

"செடிக்காரரா?"

"சொல்லுங்கம்மா."

"எங்க கொல்லை மொட்டையாக் கிடக்கு. புயல்ல இருந்த முருங்கையும் போச்சு. ஒரு விசேஷம் வருது, நாலு பேர் வருவாங்க. கொல்லையை அழகு பண்ணணும். என்ன பண்ணலாம்?"

"வெயில் எந்தப் பக்கம் விழும்?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் விழும்."

"மண்ணு?"

"செம்மண்ணு. கல்லு."

"கிணத்தடி, துவைக்கிற கல்லு எல்லாம் எங்க இருக்கு? சுவர் எவ்வளவு உசரம்? விசேஷம் எப்போ?" மனப்பாடமாகக் கேட்டுக்கொண்டே போனார். "சீக்கிரம்னா காகிதப்பூ வெச்சுச் சுவத்துல விடுங்க. சாமந்தியைத் தொட்டியோட வாங்கி வரிசையா வையுங்க. என்ன விசேஷம்?"

"எங்க மருமகளுக்கு வளைகாப்பு."

"நல்லதும்மா."

"நல்லதுதான். பிறந்த வீட்டிலிருந்து புடவையும் பலகாரமும் வரணும். அவங்களுக்குத்தான் எங்களைக் கண்டா ஆகாதே. அதான், செடியாவது வரட்டும்னு உங்களுக்குப் பண்ணினேன் அண்ணய்யா."

சூரிபாபு கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். மங்கதாயாரு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க யாரு பேசறது?"

"நான் நரசம்மா, தாரகேசுவோட அம்மா. உங்க பொண்ணு இதோ பக்கத்துலதான் நிக்கறா, சொல்லாதே சொல்லாதேன்னு ஜாடை காட்டிக்கிட்டு. முந்திரிக் கொட்டாய்ச் சுவத்துல மாட்டின காலண்டர்ல உங்க நம்பரைப் பாத்திருக்கா. எங்க நான்னாவுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம், நம்பர் வேற யாருக்கோ போயிடுச்சு, அப்ப நான்னாவுக்கு என்ன ஆச்சோன்னு பதறிக்கிட்டு வந்தா. பண்ணிப் பாருடின்னேன். பண்ணியிருக்கா. நீங்க ஹலோன்னதும் தொண்டை அடைச்சுக்கிச்சாம்."

"நான்..."

"திட்டினீங்களாமே. நல்லாத் திட்டினீங்களாமே. வீட்டுக்கு வந்து அழுதா. அப்புறம் சிரிக்கிறா. குரல் அப்படியே இருக்கு அத்தை, உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னா. என்ன வம்சமோ நீங்க எல்லாம்."

சூரிபாபு வருஷமெல்லாம் பேசிப் பழகியிருந்தது செடியைப் பற்றித்தான்.

"கல்லு மண்ணுன்னா குழியை அகலமாத் தோண்டணும்" என்றார். "எரு போடணும். அவ... அவளைத் தோண்ட விடாதீங்க."

மங்கதாயாரு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. ஆனால் செடியை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது? பலாசா வழியாகப் பெர்ஹாம்பூர் போகும் லாரியில் இடம் பேசினார்கள். வீரவெங்கடராவ் நர்சரி வரிசையில் சாமந்தியும் காகிதப்பூவும் தானே பொறுக்கி ஏற்றினார். "அந்த நம்பர் விஷயமா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்றார்.

"உங்க அச்சாபீஸ்காரன்கிட்டச் சொல்லுங்க, அவன் உருப்படமாட்டான்னு" என்றார் சூரிபாபு. லாரியில் போகும்போதும் வழியெல்லாம் சண்டைதான். அரிசெலுப் பலகார டப்பாவின் மேல் செடி சாய்கிறது என்று அவள். செடியின் மேல் டப்பா சாய்கிறது என்று அவர்.

நரசம்மாவின் வீடு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்பு ஓரமாக இருந்தது. தாரகேசு வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டான். சூரிபாபு அவனைப் பார்த்து, "வண்டி இப்போ ஓட்டறதில்லையா?" என்று கேட்டார். "முந்திரிக் கொட்டாய் பாய்லர்ல இருக்கேன், மாமா" என்றான். பேச்சு அத்தோடு முடிந்தது. தாயும் மகளும் உள்ளே கட்டிக்கொண்டு அழுதார்கள். சூரிபாபு உள்ளே போகவில்லை. லாரியிலிருந்து செடிகளை இறக்குகிற சாக்கில் நேராகக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கடப்பாரையை வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். சாமந்தித் தொட்டிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்தார். பிறகு வளைவாக வைத்தார். காகிதப்பூவுக்குக் கயிறு கட்டினார். தாரகேசு உதவிக்கு வந்தபோது, "பிடி பிடி, அப்படி இல்ல, எந்த ஊர்ல வேரைப் பிடிச்சுத் தூக்கறாங்க?" என்று திட்டினார். அவன் சிரித்தான். லோவா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றது அவருக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பாதங்கள் வீங்கியிருந்தன, அதைப் பார்த்தார். கைவிரல்கள் முந்திரித் தோட்டுப் பாலில் கறுத்துப் போயிருந்தன.

வெயில் ஏறிவிட்டது. மங்கதாயாரு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எஞ்சியிருந்தது ஒரு கறிவேப்பிலைக் கன்று. சூரிபாபு அதை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண் இளகலாக இருந்தது. அங்கே குழி போட்டு, எருவைக் கொட்டி, பையைக் கிழித்துக் கன்றை உள்ளே இறக்கினார்.

"அங்க வெக்காதீங்க" என்றாள் லோவா.

அவருடைய கை நின்றது.

"சோப்புத் தண்ணி எல்லாம் அங்கதான் போகும். செத்துப்போயிடும்."

சூரிபாபு நிமிர்ந்தார். "எனக்குச் சொல்லித் தர்றியா? ஸ்ரீகாகுளத்துலேர்ந்து நெல்லூர் வரைக்கும் ஜனங்க என்னைக் கேட்டுத்தான் செடி வெக்கறாங்க. தெரியுமா உனக்கு?"

"அதான் பாக்கறேனே."

"என்ன பாக்கறே?"

"அவங்க செடியெல்லாம் என்ன ஆச்சோன்னு."

உள்ளே நரசம்மா சிரிப்பது கேட்டது. சூரிபாபுவுக்கு முகம் சுண்டியது. கடப்பாரையை வீசிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் வந்தது. குனிந்து, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் இரண்டு கையாலும் கன்றைத் தூக்கினார்.

"எங்க வெக்கட்டும்?" என்றார்.

அவள் கதவை விட்டு வெயிலில் இறங்கி வந்தாள். அவரைத் தாண்டிப் போய், கொல்லையின் கிழக்கு மூலையில், அடுக்களை ஜன்னலுக்கு நேராக ஓரிடத்தில் நின்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினாள். "இங்க வையுங்க நான்னா. ஜன்னல்லேர்ந்து கை நீட்டினா எட்டும்."

முழுக்கக் கல். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பொறி பறந்தது. "இருக்கிற இடமெல்லாம் விட்டுட்டு, பாறையாப் பாத்துக் காட்டறா" என்று முனகிக்கொண்டே சூரிபாபு தோண்டினார்.